உயிர் போன பெட்டி

தொலைக்காட்சிப் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவிலோ இரு சக்கர வண்டியின் பின்னிருக்கையிலோ மடியில் தாங்கிப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள், அதை மேஜைமேல் இறக்கி வைத்த கையோடு சொல்லுகிற முதல் வாக்கியம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடிச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்று ராத்திரி பெட்டி ஓடியதைக் குடும்பத்தார் அத்தனை பேரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆனால் நேற்று ஓடியது என்பது பிரத்தியட்சம். நேற்று நன்றாக இருந்தது என்பது அனுமானம். முன்னதிலிருந்து பின்னது தானாகவே பெறப்படும் என்று எண்ணிக்கொள்கிற இடத்தில்தான் பிழை நுழைகிறது. ஓடுகிற யந்திரம் எல்லாம் ஆரோக்கியமான யந்திரம் அல்ல என்பதையும், ஒரு பெட்டி உயிர் விட்டதாக நாம் கண்டுகொள்கிற தினத்துக்கும் அது நோயுறத் தொடங்கிய தினத்துக்கும் நடுவே வருஷக்கணக்கான இடைவெளி இருக்கக்கூடும் என்பதையும், மெக்கானிக் கடைகளில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். தத்துவ நூல்கள் இதைச் சொல்லாமல் இல்லை; ஆனால் ஈயம் உருகுகிற வாடையோடு சேர்ந்து கற்கிற பாடம் சற்று ஆழமாகவே பதிகிறது.

'ஆன் ஆகவில்லை' என்ற ஒரே புகாரின் கீழ் வெவ்வேறு வியாதிகள் பல பதுங்கியிருக்கின்றன. பிளக்கைச் செருகியும் முகப்பிலுள்ள சிறிய சிவப்பு விளக்குக்கூட எரியாத பெட்டி ஒன்று. அந்த விளக்கு எரிந்தும் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் அசைந்து கொடுக்காத பெட்டி மற்றொன்று. விளக்கு மினுக்கி மினுக்கி அடங்கிவிட்டு, மறுபடியும் அதே எண்ணிக்கையில் மினுக்குகிற பெட்டி வேறொன்று. இவற்றோடு, உள்ளே சகல காரியமும் கிரமமாக நடந்து, காதை வைத்தால் செய்தி வாசிக்கிற குரல்கூடக் கேட்டு, திரைக்குப் பின்னாலிருக்கிற எல்.இ.டி. பட்டிகள் மட்டும் அணைந்துபோனதால் இருண்டு கிடக்கிற பெட்டியையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்ட திரையின்மேல் டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால், உள்ளே மனிதர்கள் மங்கலாக நடமாடிக்கொண்டிருப்பது தெரியும். கடைக்காரர்கள் 'டெட் செட்' என்று சொல்லுவது இவை எல்லாவற்றையும் அல்ல. ஒளியும் இல்லாமல், ஒலியும் இல்லாமல், மின்சாரம் உள்ளே போயிற்றா என்பதற்குக்கூட அடையாளம் இல்லாமல் கிடக்கிறதே, அந்த முதல் ரகத்தைத்தான். என் விசாரமும் அதைப் பற்றியதே.

இந்த ஸ்திதியில் கைதேர்ந்த மெக்கானிக் செய்கிற முதல் காரியம், ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் இருப்பது. "எப்ப சார் போச்சு? பாத்துக்கிட்டு இருக்கும்போதா, கரண்டு போய் வந்தப்பவா, இடி இடிச்சப்பவா?" என்று அவர் கேட்கிற கேள்விக்குக் கிடைக்கிற விடை, மல்டிமீட்டர் காட்டப்போகிற எந்த எண்ணுக்கும் குறைந்த பிரமாணம் அன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் இடி விழுந்த மறுநாள் கடைகளில் பெட்டிகள் குவிகின்றன. மின்னல் மின்கம்பியின் வழியாக மட்டுமே வரும் என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப்போகிற ஜாக்கிரதைக்காரர்கள், மொட்டை மாடிகளைத் தாண்டித் தெருத்தெருவாகக் கட்டிக்கொண்டு வந்த கேபிள் ஒயரைப் பெட்டியிலேயே விட்டுவைக்கிறார்கள். மின்னல் அந்த வழியாக வந்துவிடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று பற்றவைப்புகளை அரிக்கிறது. எறும்பும் கரப்பானும் கதகதப்பை நாடிக் குடியேறுகின்றன. எல்லாவற்றிலும் விசேஷமானது பல்லி: முந்நூறு வோல்ட் வித்தியாசமுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே அது ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்த கணத்தில், தானும் மாண்டு பெட்டியையும் மாய்த்துவிடுகிறது. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று அங்கம் அங்கமாகப் பலன் எழுதிவைத்த நம் பஞ்சாங்கக்காரர்கள், சப்ளை போர்டின்மேல் விழுந்தால் என்ன பலன் என்பதை எழுதாமல் விட்டது பெரிய குறை.

இவையெல்லாம் விபத்துக்கள். விபத்துக்கு ஒரு தேதியும் நேரமும் உண்டு. அதனால் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். பெட்டியைத் திறந்தவுடன் ஃபியூஸே பாதி சாட்சியம் சொல்லிவிடும். கண்ணாடிக் குழாயின் உட்புறம் கருகிப் புகையும் உலோகப் பூச்சும் படிந்திருந்தால், உள்ளே எதுவோ முற்றாக ஷார்ட்டாகி வெள்ளமாய் மின்சாரம் பாய்ந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் மெல்லத் துண்டித்திருந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப் போயிருக்கிறது என்று பொருள். புகையைக் கண்டு மலைமேல் நெருப்பை அனுமானிக்கிற தார்க்கிகனின் பழைய உதாரணம் இங்கே உதாரணமாக இல்லாமல் நேராகவே நடந்தேறுகிறது. கருகிய ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவைத்துப் பெட்டியை மறுபடி ஓட்டப் பார்க்கிறவர்களும் உண்டு. சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கை நடத்துகிற அவர்களைப் பற்றி எழுதப் பிரியமில்லை.

விபத்தில்லாமல், ஃபியூஸும் முறியாமல், பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாமல் கிடக்கிற பெட்டிதான் சிந்தைக்கு வேலை வைக்கிறது. அதன் உட்புறத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் மாறுமின்சாரம், நான்கு டயோடுகள் கொண்ட பாலத்தின் வழியாக ஒரே திசைக்குத் திருப்பப்பட்டு, போர்டிலேயே பருமனான கண்டன்சருக்குள் ஏறக்குறைய 325 வோல்ட்டாகத் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து ஒரு சிறிய ஐ.சி.யின் கட்டளைப்படி, ஒரு டிரான்சிஸ்டர் அதை விநாடிக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் தடவை என்ற கதியில் வெட்டி வெட்டிச் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றில் செலுத்த, மறுபுறத்தில் அது 5 வோல்ட்டாகவும் 12 வோல்ட்டாகவும் 24 வோல்ட்டாகவும் இறங்கி வெளிவருகிறது. இவற்றில் 5 வோல்ட் மட்டும் எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும். சிவப்பு விளக்கை எரியவைப்பதும், ரிமோட்டின் அழைப்புக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிற சிறு மூளையைப் போஷிப்பதும் அதுதான். அழைப்பு வந்தபிறகே மற்ற வோல்ட்டேஜ்கள் புறப்படும். ஆகவே நாம் படுக்கப் போகும்போது அணைத்துவிட்டதாக நினைக்கிற பெட்டி, உண்மையில் அணைவதே இல்லை. காலையில் யாரேனும் அழைப்பார்களா என்பதற்காக இரவு முழுவதும் விழித்திருக்கிறது.

இந்த விழிப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கண்டன்சர்கள் கொடுக்கின்றன. விட்டுவிட்டுப் பெய்கிற மழையை வாங்கித் தேக்கி வைத்துக்கொண்டு வயலுக்குச் சீராகத் திறந்துவிடுகிற கண்மாயைப்போல, விட்டுவிட்டு வருகிற மின்சாரத்தை வாங்கிச் சீராகக் கொடுப்பது அவற்றின் உத்தியோகம். இரண்டு அலுமினியத் தகடுகளை, நடுவே ரசாயனத் திரவத்தில் தோய்ந்த காகிதத்தை வைத்துச் சுருட்டி, ஒரு சிறிய குப்பியில் அடைத்தால் அதுவே எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். அந்தத் திரவம் உஷ்ணத்தினால் அணு அணுவாக ரப்பர் அடைப்பின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கிறது; திரவம் வற்ற வற்றக் கொள்ளளவு குறைகிறது, உள்தடை ஏறுகிறது. கண்மாய் தூர்ந்துபோவதற்கு யாரும் தேதி குறிக்க முடியாது, இதற்கும் அப்படித்தான்.

ஆனால் தேதி குறிக்க முடியாதென்றாலும் கணக்குப் போட முடியும். கண்டன்சரின் மேலுறையில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். மலிவான ரகங்களுக்கு அந்தச் சூட்டில் ஆயுள் 2000 மணி நேரம் என்று தயாரிப்பாளர்களே சொல்லுகிறார்கள். சூடு பத்து டிகிரி குறையுந்தோறும் ஆயுள் இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கையாளுகிற விதி. ரசாயன மாற்றத்தின் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஸ்வீடன் தேசத்து அறிஞர் அரேனியஸ் 1889-இல் வகுத்த சமன்பாட்டின் வழியில் வந்தது அது. அந்த விதிப்படி, 65 டிகிரிச் சூட்டிலே இருக்கிற கண்டன்சருக்கு 32,000 மணி ஆயுள் கிடைக்கிறது. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு நான்கு மணி நேரம் நாடகமும் செய்தியும் பார்க்கிற குடும்பத்துக்கு இது இருபது வருஷத்துக்கு மேல் வரும் என்று மனக்கணக்குப் போட்டுத் திருப்தி அடைந்துவிடலாம். ஆனால் விழித்துக் காத்திருக்கிற பகுதிக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்கிற சலுகை கிடையாது. அதற்கு ஒரு வருஷம் என்பது 8,760 மணி நேரம். 32,000-த்தை 8,760-ஆல் வகுத்தால் நான்கு வருஷம்கூடத் தேறவில்லை. வாங்கி நான்கு வருஷத்தில் பெட்டி போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள், அது அதிகமாக ஓடியதால் போயிற்று என்று பிள்ளைகளைக் கோபிக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்த நேரம் அதில் ஆறில் ஒரு பங்கு. பாக்கி முழுவதும் ஒருவரும் பாராத நேரத்தில், வெறுமே காத்திருந்ததில் கழிந்த ஆயுள்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதும் அதுவே. மேலே சொன்ன ஐ.சி.யின் பக்கத்தில், 22 அல்லது 47 மைக்ரோபாரட் அளவுள்ள ஒரு சின்னஞ்சிறு கண்டன்சர் உண்டு. பிளக்கைச் செருகியவுடன் ஒரு பெரிய தடையின் வழியாக மின்சாரம் மெதுவாகக் கசிந்து அதை நிரப்புகிறது. போதிய அளவு நிரம்பியதும் ஐ.சி. அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டு வேலையைத் துவக்குகிறது. துவங்கிய மறுகணம் டிரான்ஸ்பார்மரின் துணைச்சுற்று ஒன்று ஐ.சி.யின் செலவைத் தானே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அதாவது அந்தச் சிறு கண்டன்சரின் சேமிப்பு முழுமையாக வேண்டியிருப்பது துவக்கத்தின் அந்த ஒரு கணத்துக்குத்தான். அது பாதி வற்றிப்போயிருந்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சப்ளை தொடர்ந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி நோயை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி மாதக்கணக்கில் சௌக்கியமாக இருப்பதுபோலவே இருந்துகொண்டிருக்கும். பிறகு ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்பென்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி மாலையில் விடுவார்கள். அல்லது குடும்பத்தார் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்ப மின்சாரம் வருகிறது, பெட்டி வரவில்லை. சேமிப்பு போதாமையால் ஐ.சி. ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் விழுந்துவிடுகிறது. உடனே ஊர் ஜனங்கள், கரண்டு வரும்போது ஹை வோல்டேஜ் வந்திருக்கிறது என்று மின்வாரியத்தின்மேல் பழி போடுகிறார்கள். என் சிநேகிதரான மெக்கானிக் ஒரு வாடிக்கையாளரிடம் இதற்குச் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "கரண்டு வந்ததால போகல சார், கரண்டு போனதால போச்சு."

அதற்கு அவர் காட்டிய பிரமாணமும் ரசமானது. தலைமயிர் உலர்த்துகிற யந்திரம் ஒன்றை ஊரில் யாரிடமோ பழசாக வாங்கி வைத்திருக்கிறார். அந்தச் சிறு கண்டன்சரின்மேல் கொஞ்ச நேரம் அதன் சூடான காற்றைப் பிடித்தார். வற்றிய திரவமும் சூடு கண்டால் சற்று இளகி உள்தடை குறையுமாதலால், பிளக்கைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டி ஒன்றும் நடவாததுபோல் விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர் பணத்தை எடுத்து நீட்டினார். மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் ஆறவிட்டு மறுபடி செருகினார். மறுபடியும் மரணம். காரணம் இன்னதென்று காட்டுவதற்கு, காரியத்தை வரவழைக்கவும் வேண்டும், வராமல் தடுக்கவும் வேண்டும் என்பது தர்க்க சாஸ்திரத்தில் அன்வயம், வியதிரேகம் என்று பெரிய பெயர்களால் கற்பிக்கப்படுகிறது. இங்கே அதற்குச் செலவானது ஐந்து நிமிஷமும் கொஞ்சம் சூடான காற்றும்.

எல்லாக் கண்டன்சர்களும் இப்படி ரகசியமாக மாள்வதில்லை. சில தலை உப்பிக் காட்டிக்கொடுக்கின்றன. உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறினால் குப்பி வெடிக்காமல் மெல்லத் திறந்துகொள்ளட்டும் என்று அதன் தலையில் சிலுவைக்குறியாகக் கோடு கிழித்திருப்பார்கள். அந்தத் தலை தட்டையாக இல்லாமல் மேடிட்டிருந்தால் மீட்டரே தேவையில்லை. 1999-க்குப் பிறகு சில வருஷங்கள் உலகம் முழுவதும் கணினிகளிலும் திரைகளிலும் இவ்விதம் கண்டன்சர்கள் கொத்துக் கொத்தாக உப்பி மாண்டன. திரவத்தில் தண்ணீர் மிகுந்து, அலுமினியத்தை அரித்து, ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியது காரணம். ஒரு ஜப்பானியக் கம்பெனியின் சூத்திரத்தை யாரோ அரைகுறையாகத் திருடிக்கொண்டு போனதால் வந்த வினை இது என்று அப்போது ஒரு கதை பரவிற்று. முற்றும் நிரூபணமாகாவிட்டாலும், திருட்டுச் சரக்குக்கு வருகிற தண்டனை எல்லாம் இத்தனை ஒழுங்காக வந்தால் தேவலை என்று நினைக்கத்தான் தோன்றுகிறது.

பெரிய கண்டன்சரைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது 300 வோல்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். 1746-இல் லைடன் நகரத்துப் பேராசிரியர் முஸன்புரூக், கண்ணாடிக் குப்பியில் மின்சாரத்தை அடைத்துவைத்துப் பரிசோதிக்கையில் வாங்கிய அதிர்ச்சியை, பிரான்ஸ் ராஜ்யத்தையே கொடுத்தாலும் இரண்டாம் தரம் வாங்கமாட்டேன் என்று சொன்னாராம். பழகாத கையால் பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு ராஜ்யம் எதுவும் கிடைக்கப்போவதில்லை. மெக்கானிக்குகளில் சிலர் ஸ்குரூ டிரைவரை இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்துப் பட்டென்று பொறி பறக்க விடுவதைக் கண்டிருக்கிறேன். அது வீரம் அல்ல. ஒரு பல்பைக் குறுக்கே பிடித்தால், ஒரு மின்னலோடு அத்தனையும் சாந்தமாக இறங்கிவிடுகிறது.

பல்பு என்றதும் சொல்லவேண்டியது, கடையின் சுவரில் தொங்குகிற 'சீரீஸ் போர்டு'. குண்டு பல்பு ஒன்றை மின்பாதையின் நடுவே தொடுத்து, அதன் வழியாகத்தான் சந்தேகத்துக்குரிய பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்து, ஆபத்தைத் தான் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஒருமுறை பளிச்சிட்டு மங்கிவிடும். விலையுயர்ந்த சாதனங்கள் செய்கிற காரியத்தை இத்தனை எளிமையாக, இத்தனை நேர்மையாகச் செய்கிற வேறொரு கருவி எனக்குத் தெரியாது. வீடுகளில் எல்.இ.டி. விளக்குகள் வந்து குண்டு பல்பு அருகிவிட்டமையால், 60 வாட்டும் 100 வாட்டுமாகச் சிலவற்றை மெக்கானிக்குகள் காகிதத்தில் சுற்றி அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

பழைய படக்குழாய்ப் பெட்டிகளின் நாளிலும் இதே பல்பு இதே சேவையைச் செய்தது. 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்புத் துவங்கியபோது நம் கூடங்களுக்கு வந்து சேர்ந்த, மரக்கதவு போட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில், குமிழைத் திருகினால் டக்கென்று சப்தம் கேட்கும். அந்தச் சப்தத்தோடு மின்சாரம் நிஜமாகவே அறுந்துவிடும். ரிமோட் வந்தபிறகே பெட்டிகள் உறக்கத்தை இழந்தன. 2006-இல் வந்த தமிழக அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த 14 அங்குல வர்ணப் பெட்டிகளும் படக்குழாய் ரகந்தான். அவற்றில் டெட் செட் வந்தால், சப்ளையின்மேல் குற்றமா, அல்லது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உற்பத்தி செய்கிற எல்.ஓ.டி. என்ற டிரான்ஸ்பார்மரின்மேலும் அதை ஓட்டுகிற டிரான்சிஸ்டரின்மேலும் குற்றமா என்று பிரித்தறிவதற்கு, பின்னதைத் துண்டித்துவிட்டு அந்த இடத்தில் 100 வாட் பல்பைத் தொடுப்பார்கள். பல்பு எரிந்தால் சப்ளை நிரபராதி. அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்தப் பெட்டிகள் கனமானவை, ஆபத்தானவை, அவற்றைத் திறந்து கை மரத்துப் போனவர்கள் அநேகர். ஆனால் ஒன்று: அவற்றைப் பழுது பார்த்தவர்களிடம் மின்சுற்றுப்படம் இருந்தது; சென்னை ரிச்சி தெருவில் கட்டுக்கட்டாக அச்சிட்டு விற்றார்கள்; பாலிடெக்னிக்கில் படித்தவரானால் ஆர். ஆர். குலாத்தியின் தொலைக்காட்சிப் புத்தகத்தை வேதம்போல் புரட்டியிருப்பார். எந்தக் கால் எந்த வோல்ட்டேஜைக் காட்டவேண்டும் என்பது எழுதப்பட்ட சங்கதியாக இருந்தது.

இன்றைய போர்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம், நடுவே ஓடுகிற ஒரு வெற்றுக்கோடு. அதற்கு ஒருபுறம் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள பகுதி, மெக்கானிக்குகள் 'ஹாட்' என்பார்கள். மறுபுறம் மனிதர் கைபடக்கூடிய 'கோல்டு'. இரண்டுக்கும் இடையில் கம்பியாலான சம்பந்தம் எதுவும் கிடையாது. கிடையாது என்பதே உயிருக்குக் காவல். ஆனால் மறுபுறத்தில் வோல்ட்டேஜ் கூடிற்றா குறைந்ததா என்ற செய்தி இப்புறத்து ஐ.சி.க்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கோட்டின்மேல் நான்கு கால்களோடு குந்தியிருக்கிற கறுப்புச் சில்லுக்குள், ஒருமுனையில் ஒரு எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீச, மறுமுனையில் அதைக் கண்டுகொள்கிற ஒரு டிரான்சிஸ்டர் செய்தியை வாங்கிக்கொள்கிறது. ரிமோட் வெளியிலிருந்து எந்த விதமான ஒளியால் பேசுகிறதோ, அதே விதமான ஒளியால் பெட்டியும் தன் உள்ளே தனக்குத்தானே பேசிக்கொள்கிறது. அந்தச் செய்தி தப்பாக வந்தாலும் வராமல் போனாலும் ஐ.சி. வேலையை நிறுத்திவிடும், நிறுத்திச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும், மறுபடி நிறுத்தும். 'டிக், டிக்' என்று கேட்கிற பெட்டி அதுதான். அதைச் செத்ததென்று சொல்லக்கூடாது. தனக்கு விளங்காத ஒரு நிலைமையில் ஓடுவதைவிட ஓடாதிருப்பது மேல் என்று அது தீர்மானித்திருக்கிறது.

இத்தனை விவேகத்தோடு கட்டப்பட்ட ஒன்றை நாம் இப்போது எப்படிப் பழுது பார்க்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் பார்ப்பதில்லை, போர்டை மாற்றுகிறோம். கம்பெனி சேவைக்காரர் வந்தால் போர்டைக் கழற்றிப் புதுப் போர்டை மாட்டுகிறார்; அது கிடைக்காத மாடலானால் புதுப் பெட்டி வாங்கும்படி சாவகாசமாக உபதேசிக்கிறார். சந்துக் கடைகளிலோ சப்ளை, மூளை, பின்னொளி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த 'யுனிவர்சல் போர்டு' எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்படி வந்துவிட்டது. மாட்டியபின் முகப்பில் ஒரு கம்பெனியின் பெயரும், திறந்தவுடன் திரையில் வேறொரு பெயரும் தோன்றினால் ஒருவரும் கவலைப்படுவதில்லை. பெட்டி ஓடுகிறது, குடும்பம் சந்தோஷமாக இருக்கிறது. இதைக் குறைசொல்ல நான் யார்? ஐந்து மணி நேரம் ஒரு போர்டோடு மல்லாடி இருநூறு ரூபாய் வாங்குகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆயினும் பழுது நீங்கிவிட்டது, ஆனால் பழுது எது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்கிற விசித்திரமான ஸ்திதி இதற்குமுன் எந்தத் தொழிலிலும் இவ்வளவு சகஜமாக இருந்ததாகத் தோன்றவில்லை. பத்து ரூபாய்க் கண்டன்சரால் நின்றுபோன போர்டும், பல்லியால் கருகிய போர்டும் ஒரே சாக்கில் போய்விழுந்து கிலோ கணக்கில் விலை போகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சு முதல், தொலைக்காட்சிகளின் மின்சப்ளை, கண்டன்சர் போன்ற உதிரிகள் ஏழு வருஷமாவது மெக்கானிக்குகளுக்குக் கிடைத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இங்கேயும் 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமை என்ற பேச்சைத் துவக்கியது. நல்ல காரியங்கள்தாம். உதிரி கிடைத்தால் போதுமா, எது உதிர்ந்தது என்று அறிகிறவன் கிடைக்க வேண்டாமா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இருக்கிறது.

என் சிநேகிதர் இன்னமும் கண்டன்சரைத்தான் மாற்றுகிறார். மாற்றிய பிறகு உடனே கொடுத்துவிடுவதில்லை. பெட்டியை இரவு முழுவதும் கடையில் ஓடவிட்டு, காலையில் பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவைத்து, ஆறிய நிலையிலிருந்து அது தானாக எழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வாடிக்கையாளருக்குப் போன் செய்வார். ஓடுகிறதா என்பதல்ல, துவங்குகிறதா என்பதே அவருடைய பரீட்சை. அதன்பின் பெட்டியை மூடுமுன், மார்க்கர் பேனாவால் உட்புறத்தில் இன்ன தேதியில் இன்ன கண்டன்சர் மாற்றியது, 22 மைக்ரோ, 50 வோல்ட், 105 டிகிரி என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். அடுத்த முறை இதைத் திறக்கிறவன் போர்டையே கழற்றிச் சாக்கில் போடப்போகிறான், இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "போர்டுல எங்க சார் எழுதறேன், பின்மூடியிலதானே எழுதறேன். பின்மூடிய எவனும் மாத்தறதில்ல."